பொருத்தமே பயன்

2020-ஆம் ஆண்டு அப்பாவுக்கு வேலை போயிற்று. மாதக் கட்டணம் கட்ட இயலாமல் எங்கள் தொலைக்காட்சி மௌனமாயிற்று. படுக்கையிலிருந்த பாட்டிக்கு அதுவே துணை! மாதக் கட்டணமில்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் பார்க்க, 60 செ.மீ. தட்டும் எம்பெக்-4 பெட்டியும் வாங்கினோம். செலவை மிச்சப்படுத்த, மாமா வீட்டு எட்டடித் தட்டின் பழைய எல்.என்.பி.யைக் கட்டிப் பார்த்தேன். திரை இருண்டே கிடந்தது.

“அது சி பேண்டுக்குரியது, பாப்பா. அலைநீளம் குறைந்த கே.யு. பேண்டுக்குச் சிறு தட்டு போதும். ஆனால் அதற்கேற்ற எல்.என்.பி. வேண்டும்” என்றார் கடைக்காரர்.

உரியதைப் பொருத்தி, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையிலுள்ள ஜிசாட்-15-ஐ நோக்கித் தென்கிழக்கே மெல்லத் திருப்பினோம். படம் மலர்ந்தது; பாட்டியின் முகமும் மலர்ந்தது. தோழியரே, பெரிதாயிருப்பதால் மட்டும் பயனில்லை. ஒன்றுக்கொன்று இசைந்திருப்பதே பயன்!