மணலில் எழுதிய முதல் எழுத்து

சில வாரங்களுக்கு முன்னர் பேசாலைக்குச் சென்றிருந்தேன். தமையனாரின் மகள், எனக்குப் பெறாமகள், தன் நான்கு வயதுச் சிறுமியுடன் விறாந்தையில் அமர்ந்திருந்தாள். சிறுமியின் முன்னால் ஒரு கொப்பி. பக்கம் முழுவதும் 'அ' எழுத வேண்டுமாம். முன்பள்ளி கொடுத்த வீட்டுவேலை. மூன்றாவது வரியில் பென்சில் முனை முறிந்தது. நான்காவது வரியில் அழிறப்பர் பட்டுக் கடதாசி கிழிந்தது. பிள்ளை விம்மத் தொடங்கினாள்.

"இப்பவே எழுதிப் பழகாட்டி முதலாம் வகுப்பில பின்தங்கிப் போவாள், சித்தப்பா" என்றாள் தாய். அவளுடைய கண்களும் கலங்கியிருந்தன.

"நீ எங்க எழுதப் பழகினனீ? ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன்.

அவளுக்கு நினைவில்லை. எனக்கு இருக்கின்றது.

1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது, ஊரைவிட்டு வெளியேறி மடுக் கோயில் வளாகத்தில் தஞ்சமடைந்த ஆயிரக்கணக்கானோருள் நாங்களும் இருந்தோம். அப்போது அவளுக்கும் நான்கு வயதுதான். கொப்பியோ பென்சிலோ கிடையாது. தறப்பாள் கூடாரத்தின் வாசலில் என் தாயார் மணலில் நீர் தெளித்து, உள்ளங்கையால் சமப்படுத்தி, பேத்தியின் விரலை அதில் விளையாட விடுவார். முதலில் மழைக் கோடுகள், பின்னர் அலைகள், அதன்பின் வட்டங்கள். பல நாட்கள் கழித்தே எழுத்து வந்தது. அதுவும் 'ட', 'ப' என்று நேர்கோட்டு எழுத்துகள். இருபது வயதின் அவசரத்தில், அரிச்சுவடி வரிசையையே குழப்புகிறீர்களே என்று தாயாரைக் கடிந்துகொண்டேன். "கை பழகட்டும் மோனே, 'அ' எங்க ஓடப் போகுது?" என்றார் அவர்.

அவர் சொன்னதன் நியாயத்தைப் பின்னாளில் வாசித்தே அறிந்துகொண்டேன். அரிச்சுவடியில் முதலாவதாக நிற்கும் 'அ', கைக்கு எளிதான எழுத்து அன்று. சுழி, வளைவு, குத்துக்கோடு யாவும் அதில் உண்டு. மணிக்கட்டிலுள்ள எட்டுச் சிறு எலும்புகளுட் சில நான்கு வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பொதுவாக மூன்று வயதளவில் வட்டத்தையும், நான்கில் சிலுவைக் குறியையும், ஐந்தளவில் முக்கோணத்தையும் பார்த்து வரையப் பிள்ளைகளுக்குக் கைவருகின்றது. தோளும் முழங்கையும் உறுதிப்பட்ட பின்னரே விரல்கள் நுணுக்கமாக அசையும். அதற்கு முன் பென்சிலைத் திணித்தால், பிள்ளை அதனை முழுக்கையாலும் இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடியே பழக்கமாகிவிடவும் கூடும்.

மணலின் அருமையைப் பிற தேசத்தாரும் அறிந்திருந்தனர். சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றை நடத்திய ஸ்கொத்லாந்துப் பாதிரியார் அன்றூ பெல், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் சென்றது. 1907இல் உரோமாபுரியில் தமது முதற் பள்ளியைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையாரும், பிள்ளைகள் விரலால் தடவி அறியும்படி மண்தாளில் வெட்டிய எழுத்துகளையே கையாண்டார். நம்மிடமிருந்து கடல் கடந்து சென்ற மணலை, கடலோரத்தில் வாழும் நாமே மறந்துவிட்டோம்.

மன்னாரில் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. சோகி பொறுக்குவதும், புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போத்தலில் இடுவதும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பழக்கும். மாப் பிசைவது கையை உறுதியாக்கும். பனையோலை இழைப்பது இரு கைகளையும் இணைக்கும். சுவரில் கரித்துண்டால் கீறுவது மணிக்கட்டை நிமிர்த்தும். அது சிறு துண்டாக இருப்பதே நல்லது. முழுக்கையாலும் பிடிக்க முடியாது. இந்நாட்டில் ஐந்து வயது நிறைந்த பின்னரே முதலாம் தரத்தில் சேர்க்கின்றார்கள். அதுவரை கைக்கு விளையாட்டே பாடம்.

அன்று மாலை மூவரும் கடற்கரைக்குச் சென்றோம். ஈர மணலில் சிறுமி ஒரு வள்ளம் கீறினாள். அலை வந்து அழித்தது. சிரித்துக்கொண்டே மீண்டும் கீறினாள். கொப்பியில் அழித்ததற்கு அழுத அதே பிள்ளை.

தாய் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மகளின் அருகே குந்தி, தானும் விரலால் ஒரு வட்டம் கீறினாள்.