சத்தம் போடாத வகுப்பு

ஒரு சின்னக் கணக்கு. கொலன்னாவையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கோ வெள்ளவத்தைக்கோ தமிழ்ப் பாடசாலைக்குப் போகிற தரம் 5 பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடிய 6 மணிக்கு முன்னமே வானில் ஏறி உட்காருகிறது. 7.30க்கு மணி அடித்ததும் வகுப்பில் உட்காருகிறது. 1.30க்கு விட்டால் திரும்பவும் வான், திரும்பவும் ட்ரஃபிக். பின்னேரம் ஸ்கொலர்ஷிப் கிளாஸ், ஒரு வாங்கில் ஐந்து பேர். இரவு ஹோம்வேர்க். காலை நீட்டி ஓடக் கிடைப்பது இன்டர்வல் மட்டும்தான். அதிலும் பாதி சாப்பாட்டுப் பெட்டிக்குப் போய்விடும்.

பிறகு நாங்களே சொல்கிறோம்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை."

நான் கலைப்பீடத்தில் படிக்கிறேன். போன வருஷத்தில் இருந்து நானும் இரண்டு நண்பர்களும் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு மேல்மாடியில் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு வைக்கிறோம். 14 பிள்ளைகள், தரம் 4உம் 5உம். காசு வாங்குவதில்லை. இதை "இலவசக் கல்விச் சேவை" என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை, எங்களுக்கும் சனிக்கிழமை பின்னேரம் பெரிய வேலை ஒன்றும் இருக்கவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகி எங்கள் பக்கம் மூழ்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் 14 பிள்ளைகளில் ஒன்பது பேரின் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ஜனவரியில் திரும்ப வகுப்புத் தொடங்கியபோது, "வெள்ளம்" என்று தலைப்புக் கொடுத்து ஒரு கட்டுரை எழுதச் சொன்னோம். நிறைய வரும் என்று எதிர்பார்த்தோம்.

வந்த கொப்பிகளில் முக்கால்வாசி ஒரே மாதிரி. இயற்கை அனர்த்தங்களுள் வெள்ளமும் ஒன்றாகும் என்று தொடங்கி, காரணங்கள் மூன்று, விளைவுகள் மூன்று, கடைசியில் மரம் நடுவோம். ஸ்கொலர்ஷிப்புக்காகப் பாடமாக்கிய கட்டுரை. எழுத்துப்பிழைகூடப் பெரிசா இல்லை. பக்கத்து வீட்டு ஸ்லாப்பில் ஒரு இரவு முழுக்க நனைந்துகொண்டு இருந்த ஒரு பிள்ளை எழுதியிருந்தாள், வெள்ளத்தால் மக்கள் பல்வேறு இன்னல்களுக்கு உள்ளாகின்றனர் என்று. அந்த "மக்கள்" யார் என்று கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இவள்தானே?

அடுத்த கிழமை மேசைகளை ஓரத்துக்குத் தள்ளினோம்.

செய்தது புதுசா ஒன்றுமில்லை. நாடகம் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த உறைநிலைக் காட்சிதான். பிரேசில்காரர் ஒகஸ்டோ போல் 1970களில் "ஒடுக்கப்பட்டோர் அரங்கு" என்று எழுதியதில் இருந்து உலகம் முழுக்கச் சுற்றி வந்த பயிற்சி. நாலைந்து பேராகப் பிரிந்து, கதைக்காமல், ஃபோட்டோ பிடித்த மாதிரி அசையாமல் நிற்கவேண்டும். நாங்கள் கேட்டது, "தண்ணி உள்ள வந்த நேரம்."

முதல் பத்து நிமிஷம் சிரிப்பும் தள்ளுமுள்ளும்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஒருத்தன் வேணுமென்றே மூன்று தரம் விழுந்தான். பிறகு ஒரு குழு நின்ற விதத்தில் மற்றவர்கள் அடங்கினார்கள். ஒரு பையன் கையை உடம்போடு ஒட்டி விறைப்பாக நிற்கிறான், அவனை இரண்டு பேர் தூக்கப் பார்க்கிறார்கள். ஒரு பிள்ளை கதிரைக்கு மேல் ஏறி எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள்.

தோளில் தட்டினால் மட்டும் ஒரு வசனம் பேசலாம் என்பது விதி. கதிரைப் பிள்ளையைத் தட்டினேன்.

"இது பேர்த் சேர்ட்டிஃபிகேட் ஃபைல் அக்கா. இது நனைஞ்சா என்னை ஸ்கூலுக்கு எடுக்க மாட்டாங்களாம்."

விறைப்பாக நின்றவன் ஃப்ரிஜ். அவனையும் தட்டினேன். "என்னை விட்டுட்டுப் போகாதீங்க, இன்னும் மாசக் காசு கட்டி முடியல்ல."

எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். எனக்கு மட்டும் உடனே சிரிப்பு வரவில்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஃப்ரிஜ்ஜின் தவணைக் காசு தெரிந்திருக்கிறது. பாடமாக்கிய கட்டுரையின் "விளைவுகள் மூன்று" பகுதியில் இதற்கு இடமே இல்லை.

இன்னொரு குழுவில் போட்டில் வந்தவர் ஒருவர் கையை நீட்டுகிறார். தட்டியதும் அந்தப் பையன் சிங்களத்தில் சொன்னான், "நங்கி, பய வென்ன எபா." தங்கச்சி, பயப்படாதீங்க. எங்கள் பக்கம் மீட்க வந்தவர்கள் அப்படித்தான் பேசினார்கள், பிள்ளைக்கு அந்தக் குரல் அப்படியே இருக்கிறது. தமிழ்ப் பாடக் கட்டுரையில் அதை எப்படி எழுதுவது என்று அவன் கேட்டான். "கேட்ட மாதிரியே தமிழ் எழுத்தில எழுதுங்க" என்றோம். ஒரு தமிழாசிரியர் இதை ஏற்றுக்கொள்வாரா தெரியாது. ஆனால் கொலன்னாவையில் வளர்கிற பிள்ளையின் வெள்ளத்தில் இரண்டு மொழி இருந்தது, அதில் ஒன்றை அழித்துவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

பிறகு இருபது நிமிஷம் எழுதவிட்டோம். எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். சிலர் முன்னதைவிடக் குறைவாகவே எழுதினார்கள், பிழையும் கூட. ஸ்லாப்பில் நனைந்த பிள்ளை நாலே வரி எழுதினாள். அந்த நாலு வரியில் "மக்கள்" இல்லை, "நாங்க" இருந்தது. அம்மம்மாவின் இருமல் இருந்தது. கீழே தண்ணீரில் யாருடையதோ செருப்பு மிதந்தது இருந்தது.

இது ஏன் நடக்கிறது என்று நான் நிறைய யோசித்தேன். கட்டுரை எழுதுவதில் கஷ்டமான வேலை எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரிவு செய்வதுதான். பாடமாக்கிய கட்டுரையில் அந்த வேலையை வேறு யாரோ ஏற்கெனவே செய்து கொடுத்துவிடுகிறார்கள். அசையாமல் நிற்கும்போது ஒரு கணத்தை மட்டும்தான் காட்ட ஏலும். அதனால் பிள்ளை தானே தெரிவு செய்தாகவேண்டும். ஃபைலா, ஃப்ரிஜ்ஜா, போட்டா? கை எங்கே, பார்வை எங்கே? பேனையைத் தொட முன்னமே பாதி எழுத்து முடிந்துவிடுகிறது.

இதையெல்லாம் பாடசாலை அறியாது என்று நினைக்கவேண்டாம். 1997 கல்விச் சீர்திருத்தத்தில் ஆரம்பக் கல்விக்கு எழுதி வைத்ததே இதைத்தான். 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்து, 1999இல் நாடு முழுக்கத் தரம் 1இல் தொடங்கினார்கள். கற்றலுக்கு மூன்று வழி: விளையாட்டு, செயற்பாடு, மேசையில் இருந்து செய்யும் எழுத்து வேலை. தரம் 1, 2இல் விளையாட்டு கூட, 3, 4இல் மூன்றும் கலந்து, 5இல் எழுத்து வேலை கூட. காகிதத்தில் மிச்சம் அழகான திட்டம். நடைமுறையில் தரம் 3 வரும்போதே பாஸ்பேப்பர் வந்துவிடுகிறது, அதோடு விளையாட்டு முடிந்தது.

பரீட்சையைத் திட்டுவது லேசு. அதற்கு முன்னால் இருக்கிற ஒரு சின்னப் பிரச்சினையை யாரும் பெரிசாகக் கதைப்பதில்லை: சத்தம்.

நான் படித்த பாடசாலையில் ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு. நடுவில் சுவர் கிடையாது, அலுமாரியும் கரும்பலகையும்தான் மறைப்பு. ஒரு பக்கம் வாய்ப்பாடு சொன்னால் மறுபக்கம் சமய பாடத்தில் இருக்கிறவர்களும் சேர்ந்து முணுமுணுப்போம். அந்த இடத்தில் ஒரு மிஸ் பிள்ளைகளை எழுப்பி ஆடவிட்டால் மற்ற இரண்டு மிஸ்மாரும் என்ன செய்வார்கள்? அமைதியான வகுப்பு நல்ல வகுப்பு, சத்தமான வகுப்பு கட்டுப்பாடில்லாத வகுப்பு என்று நடைபாதையில் போகிறவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை சொன்னார், "விளையாட்டு நல்லதுதான் தங்கச்சி. செய்யவும் தெரியும், ட்ரெய்னிங்ல செஞ்சிருக்கோம். ஆனா பக்கத்து வகுப்பை எங்க கொண்டு போறது?" இதற்கு எந்தக் கல்வியியல் புத்தகத்திலும் பதில் இருக்காது. சுவர் கட்டுகிற மேசனிடம்தான் இருக்கும்.

பகிடி என்னவென்றால் நாடகமே பாடமாக இருக்கிற இடத்திலும் இதே கதைதான். தரம் 6இல் இருந்து அழகியல் பாடம் ஒன்று எடுக்கவேண்டும்: சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும். நான் நாடகம் எடுத்தேன். அரங்கு என்றால் என்ன என்பதற்கு வரைவிலக்கணம் எழுதினோம், கூத்தின் வகைகளை அட்டவணை போட்டோம், எழும்பி நின்று நடித்தது கைவிரல் எண்ணிக்கைதான்.

இத்தனைக்கும் இது வெளியில் இருந்து வந்த சாமான் இல்லை. எங்கள் நாடகக்காரர்களில் பலர் வகுப்பறையில் இருந்தே வந்தவர்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் ஆசிரியர். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர். "கூடி விளையாடு பாப்பா" மாதிரிச் சிறுவர் நாடகங்களையும், போர் மனிதர்களின் மனதுக்குள் செய்ததைப் பற்றி "அன்னை இட்ட தீ" என்ற நாடகத்தையும் எழுதினார். மட்டக்களப்பில் இருந்து மௌனகுரு சேர் கூத்தின் ஆட்டத்தையும் தாளத்தையும் எடுத்துப் பிள்ளைகளுக்கு "தப்பி வந்த தாடி ஆடு" எழுதினார். இந்தப் பக்கம் பராக்கிரம நிரியெல்லவின் "ஜனகரளிய" குழுவில் சிங்கள, தமிழ் நடிகர்கள் ஒன்றாக இருந்து, கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரண்டு மொழியிலும் நாடகம் போட்டார்கள். இவர்கள் பெயரெல்லாம் எங்கள் நோட்ஸில் இருந்தது. அவர்கள் செய்த வேலை எங்கள் உடம்புக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இளைஞர் பயிற்சிப்பட்டறை என்று போனால் முதல் அரை மணித்தியாலம் வட்டமாக நின்று நூல்பந்து எறிவது, கைதட்டுவது, மிருகச் சத்தம் போடுவது. பிறகு "சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம்" என்று ப்ரொஜெக்டரைப் போடுவார்கள். ஆட்டம் வேறு, விஷயம் வேறு என்று அவர்களே பிரித்துவிடுகிறார்கள். மருந்துக்கு முன் கொடுக்கிற சீனி மாதிரி. நாங்கள் வெள்ளத்தைச் செய்தபோது ஆட்டத்துக்குள்தான் விஷயமே இருந்தது.

ஃபோன் விஷயமும் இப்படித்தான். 1996இல் நியூ லண்டன் குழு என்று பத்து அறிஞர்கள் சேர்ந்து, எழுத்தறிவு என்பது இனி அச்செழுத்து மட்டுமில்லை, படம், ஒலி, உடல்மொழி, இடம் எல்லாம் சேர்ந்தது என்று எழுதினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கொப்பியில் ஒரு பந்தி எழுத முடியாத பையன் அம்மாவின் ஃபோனில் வீடியோ வெட்டி, பாட்டுச் சேர்த்து, எழுத்தும் ஓடவிடுகிறான். ஆனால் ஸ்மார்ட்போர்ட் வாங்கி அதில் பாஸ்பேப்பரைக் காட்டுவதைப் புதிய கல்வி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பலகை மாறியிருக்கிறது, பிள்ளை அதே வாங்கில்தான் உட்கார்ந்திருக்கிறது.

நாங்கள் கண்டுபிடித்த ஒரே நல்ல உபயோகம் வொய்ஸ் மெசேஜ். எழுத வராத பிள்ளை முதலில் சொல்லிப் பதியும். பிறகு தன் குரலையே நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதும். ஒரு பிள்ளை இப்படி எழுதும்போது நடுவில் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "அக்கா, நான் இதில ரெண்டு தரம் 'பிறகு' சொல்லிட்டேன். ஒண்டை வெட்டவா?" தரம் 4 பிள்ளை. தன் வசனத்தைத் தானே திருத்துகிறாள்.

இதனால் மார்க்ஸ் கூடுமா? கூடும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. ஃப்ரிஜ்ஜின் வசனத்துக்கு விடைத்தாளில் புள்ளி இருக்காது. மார்ச் மாதம் ஒரு அம்மா மாடிப்படியில் நிற்பாட்டி, "தங்கச்சி, பிள்ளை சந்தோஷமா வாறா, அது சரி. ஆனா எங்களுக்கு இந்த ஒரு சோதனைதானே இருக்கு. நல்ல ஸ்கூலுக்கு டொனேஷன் குடுக்க எங்ககிட்ட எங்க காசு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை ஆடிப்பாடிப் படித்துத் தோற்றாலும் அதற்கு வேறு வழி இருக்கும். மீதொட்டமுல்லைப் பக்கத்துப் பிள்ளைக்கு இரண்டு பேப்பர்தான் வழி. 2017 ஏப்ரல் 14இல், வருஷப்பிறப்பு அன்று, குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டவர்கள் செத்துப்போன இடம் அது. அங்கே இருந்து பிள்ளையை வெளியே கொண்டுபோக நினைக்கிற அம்மாவுக்கு நான் போலைப் பற்றி வகுப்பெடுக்க ஏலாது.

அதனால் இப்போது இரண்டும் செய்கிறோம். கீழ் வீட்டு அங்கிள் பகலில் 3 மணி வரைக்கும் நித்திரை, மேலே காலடிச் சத்தம் கேட்டால் தும்புத்தடியால் சீலிங்கைத் தட்டுவார். ஆகவே 2 மணிக்குத் தொடங்கி 3 வரைக்கும் பாஸ்பேப்பர், ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை. அங்கிள் எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்டதும் பிள்ளைகளே எழும்பி மேசைகளைத் தள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். போன கிழமை அங்கிள் கோப்பையோடு மேலே வந்து வாசலில் நின்று பார்த்தார். ஃப்ரிஜ்ஜாக நிற்பது யார் என்று கேட்டார்.