கீறல் எங்கே விழுந்தது?



டிஜிட்டல் கேமராவின் முதுகுப்புறத்திலுள்ள சிறு திரையில் கீறல் விழுந்துவிட்டால் செய்யத்தக்கது யாது? இம்மாதம் இதைப் பற்றியே உங்களோடு சற்று உரையாட விழைகிறோம். கைபேசி மலிந்துவிட்ட இந்நாளிலும் நம் பங்கின் பல இல்லங்களில் இக்கேமரா துணி சுற்றி அலமாரியில் வைக்கப்பட்டிருக்கிறது. திருமணம், புதுநன்மை, தேர்த்திருவிழா என்றால் வெளியே வருகிறது. கீறலும் பெரும்பாலும் அன்றைக்குத்தான் விழுகிறது.

படக்கலை நம் கோவை மண்ணுக்குப் புதிதன்று. இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ஆம் ஆண்டு திருச்சியில் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சலனப்படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் கொட்டகையைக் கட்டினார்; அச்சாலை இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. நம் சிங்காநல்லூரிலேயே சென்ட்ரல் ஸ்டூடியோ இயங்கியது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்து 1947-இல் வெளிவந்த ‘ராஜகுமாரி’ அங்கு உருவான படமே.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் டூரிங் கொட்டகைகளில் பழைய படங்களைப் பார்த்ததுண்டு. திரையில் எப்போதும் மழை பெய்துகொண்டே இருக்கும். கதாநாயகி வீட்டுக்குள் அமர்ந்திருந்தாலும் மழைதான்! கருவிக்குள் புகுந்த தூசி, ஓடும் படச்சுருளைக் கீறிக் கீறி உண்டாக்கிய கோடுகள் அவை. அங்கே கீறல் விழுந்தது படத்தின் மேனியிலேயே. ஆகவே மழையை நிறுத்த எவராலும் இயலவில்லை.

டிஜிட்டல் கேமராவின் கதை வேறு. காட்சி முன்புறத்து வில்லை வழியாக நுழைந்து, உள்ளிருக்கும் ஒளியுணரியில் விழுந்து, எண்களாக மாறி, நினைவட்டையில் பதிகிறது. பின்புறத் திரை நமக்குக் காட்டுவதற்கென்று வைத்த பலகணி மட்டுமே. 1995-இல் காசியோ நிறுவனத்தின் க்யூ.வி.-10 என்னும் கேமரா இத்தகைய திரையோடு கடைக்கு வந்தது. எடுத்த படத்தை எடுத்த கையோடு பார்க்கும் வசதி அதன் பின்னரே பொதுமக்களிடையே பரவலாயிற்று. பலகணிக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் வெளியே நிற்கும் மாமரத்துக்கு யாதொரு காயமுமில்லை.

இதை அறியாமையால் நேர்ந்த ஒன்றைச் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஒரு தம்பதியர் தம் திருமணப் பொன்விழாவைக் கொண்டாடினர். படம் எடுக்கும் பொறுப்பு கல்லூரியில் படிக்கும் பேரனுக்கு. கேமராவைச் சாவிக்கொத்தோடு காற்சட்டைப் பையிலிட்டுத் திரிந்ததால் திரையில் கீறல்கள். பற்பசை தேய்த்தால் போய்விடும் என்று யாரோ சொல்ல, பிள்ளை முதல் நாள் இரவெல்லாம் தேய்த்திருக்கிறான். கீறல் போகவில்லை, திரை முழுதும் பனி படர்ந்ததுபோல் மங்கிற்று. மறுநாள் உச்சிவெயிலில், அம்மங்கிய திரையில் பார்த்தபோது எல்லா முகங்களும் கலங்கித் தெரிந்தன. நன்றாக இல்லாதவை என்று எண்ணி ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, மேலும் மேலும் எடுத்துக்கொண்டிருந்தான்.

மாலையில் நம்மிடம் வந்து, “சாமி, ஒண்ணுமே தெளிவா வுழுவலீங்க” என்றான். “கண்ணு, அட்டையைக் கொண்டா, கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்ப்போம்” என்றோம். எஞ்சிய படங்கள் கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்றிருந்தன. அப்போதுதான் அவன் முகம் வெளிறியது. அழித்தவையும் இவ்வாறே அல்லவா இருந்திருக்கும்!

இனி ஒரு படமும் எடுக்க வேண்டாம் என்று தடுத்து, அட்டையைத் தொழில் தெரிந்த ஒருவரிடம் அனுப்பினோம். அழித்தல் என்பது பெரும்பாலும், ‘இவ்விடம் காலி’ என்று குறித்து வைப்பது மட்டுமே. புதிய படம் அதன்மேல் பதியும்வரை பழையதை மீட்க வாய்ப்புண்டு. பல படங்கள் மீண்டன. தாத்தா பாட்டியின் கையைப் பற்றி நின்ற படம் மட்டும் மீளவில்லை. அவ்விடத்தில் பந்தியின் படம் ஒன்று பதிந்துவிட்டிருந்தது. அவ்வாண்டு ஐப்பசியில் பாட்டியார் இறைவனடி சேர்ந்தார்.

எனவே சில குறிப்புகள். பற்பசையில் பல்லைத் துலக்கும் நுண்பொடி உள்ளது. அது கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பரப்பையும் சேர்த்துத் தேய்க்கிறது. கூசொளியைத் தடுக்கத் திரைமேல் பூசப்பட்ட மெல்லிய பூச்சையும் நீக்கிவிடுகிறது. வெறுந்துணியால் அழுத்தித் துடைப்பதும் தீங்கே. தெருப்புழுதியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் அது 7. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5, பிளாஸ்டிக் அதனினும் மென்மையானது. துணிக்கடியில் சிக்கும் ஒரு மணல் துகளே போதும். முதலில் ரப்பர் ஊதுகுமிழால் தூசியை ஊதி அகற்றி, பின்னர் மூக்குக்கண்ணாடி துடைக்கும் மென்துணியைச் சிறிதே ஈரமாக்கி மெல்லத் துடையுங்கள்.

நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். தட்டாவிடில் கீறல் மேலோட்டமானது. அதன்மேல் ஒளிபுகும் பாதுகாப்புத் தாளை ஒட்டினால் ஓரளவு மறைவதும் உண்டு. நகம் தட்டுமாயின் ஆழமானது. கண்ணாடியை மாற்றுவதே வழி. இதைக் கருதியே நிக்கான் நிறுவனம் தன் டி70 முதலிய கேமராக்களுக்குக் கழற்றி மாற்றத்தக்க மூடியை அளித்தது. ஆனால் வீட்டிலே திருகாணியைக் கழற்ற முற்படாதீர்கள். பளிச்சொளிக்கென உள்ளே உள்ள மின்தேக்கி, கேமராவை அணைத்த பின்னரும் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். பிள்ளைகளை இது குறித்து எச்சரித்தல் பெற்றோர் கடன்.

எல்லாவற்றினும் முக்கியமானது: எந்தப் படத்தையும் அச்சிறு திரையை நம்பி அழிக்காதீர்கள். வீட்டுக்கு வந்து, பெரிய திரையில், இன்னொருவரையும் அருகில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒருவரைப் பற்றி, ஒரு குடும்பத்தைப் பற்றி, நம் கண்ணுக்கு எல்லாம் மங்கலாகத் தோன்றும் வேளைகளிலும் இம்முறை பயன்படும் என்பது நம் அனுபவம். கீறல் பார்க்கப்படுவதில் விழுந்ததா, பார்க்கும் கண்ணாடியில் விழுந்ததா என்று தெளியும்வரை எதையும் நீக்க வேண்டாம். கேமராவின் திரையை நூறு முறை மாற்றலாம். பொன்விழா ஒருமுறைதான் வருகிறது.