ஒரு துவிச்சக்கர வண்டியும் மூன்று வினாக்களும்

யாழ்ப்பாணத்தின் சமதரைக்குத் துவிச்சக்கர வண்டி எத்துணை இயல்பானதோ, மலையகத்தின் செங்குத்தான பாதைகளுக்கு அத்துணை அந்நியமானது. பூண்டுலோயாவை அறிந்தோர் இதனை நன்கு உணர்வர். தலவாக்கலையிலிருந்து வரும் பாதை தேயிலைச் சரிவுகளை அணைத்தவாறு வளைந்து வளைந்து வந்து அச்சிறு நகரை அடைகின்றது. அங்கிருந்து டன்சினன், சீன் முதலான தோட்டங்களை நோக்கி ஏறும் வழிகளில், வண்டி மனிதனைச் சுமந்து செல்வதிலும் பார்க்க மனிதன் வண்டியைத் தள்ளிச் செல்வதே பெரும்பான்மை. ஆதலின் தோட்டத்திலே ஒருவர் துவிச்சக்கர வண்டி வைத்திருக்கிறார் என்றால் அஃது உல்லாசத்துக்காக அன்று. தபாற்பை, செய்தித்தாட் கட்டு, பாண்பெட்டி என ஏதோ ஒரு சுமை அவ்வண்டியில் இருக்கிறது. அச்சுமையிலே ஒரு குடும்பத்தின் சோறும் இருக்கிறது.

ஒரு துவிச்சக்கர வண்டி களவுபோதல் நாட்டின் வரலாற்றில் இடம்பெறத்தக்க நிகழ்ச்சி அன்று. ஆயினும், அரசு என்னும் பேரமைப்பை ஏழை ஒருவன் முகத்துக்கு முகம் சந்திக்கும் இடம் பாராளுமன்றமன்று. பொலிஸ் நிலையத்து மேசையும் அதன்மேல் விரித்து வைக்கப்பட்டுள்ள தகவற் புத்தகமுமே. அம்மேசையின் முன் நிற்பவனிடம் மூன்று வினாக்கள் தொடுக்கப்படுகின்றன. நீ யார்? பொருள் உன்னுடையது என்பதற்கு அத்தாட்சி யாது? நடந்தது யாது? கேட்பதற்கு எளியனவாகத் தோன்றும் இவ்வினாக்கள் மலையகத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு எத்துணைக் கடினமானவை என்பதை என் சித்தப்பாவின் வண்டி எனக்கு உணர்த்தியது.

துவிச்சக்கர வண்டிக் களவு என்றதும் கலை ஆர்வலர் பலரின் நினைவுக்கு வருவது இத்தாலிய நெறியாளர் விற்றோரியோ டி சிக்கா 1948 இல் அளித்த ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் திரைப்படமாகும். போருக்குப் பிந்திய உரோமாபுரியில் வேலையற்றிருந்த அந்தோனியோ ரிச்சிக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. வேலைக்கு வண்டி வேண்டும். மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, முன்பு அடகிலிருந்த வண்டியை மீட்டுக் கொடுக்கிறாள். வேலையின் முதல் நாளிலேயே அது களவு போகிறது. முறைப்பாட்டை எழுதிக்கொள்ளும் பொலிஸ் அதிகாரி, தேடும் பொறுப்பை ரிச்சியிடமே விட்டுவிடுகிறார். ரிச்சியின் வறுமை நம்மவர் வறுமைக்குச் சற்றும் குறைந்ததன்று. எனினும் ஒரு வேறுபாட்டை நாம் கவனித்தல் வேண்டும். அவன் பேசிய மொழியே அதிகாரி எழுதிய மொழி. அவன் அந்நாட்டவன் என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை.

அப்படம் வெளிவந்த அதே 1948 ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. தந்தை இங்கு பிறந்தவரா, பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்தவர்களா என்று அச்சட்டம் கேட்டது. பிறப்புப் பதிவு என்பதே பலருக்கு இல்லாதிருந்த லயங்களில் இதற்கு எத்தாளைக் காட்டுவது? பின்னர், 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஏற்றுக்கொள்ளப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மாத்திரமே. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும், 1974 ஆம் ஆண்டின் ஒப்பந்தமும் எஞ்சியோரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை ‘நீ யார்?’ என்ற வினா முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. பொலிஸ் மேசையில் கேட்கப்படும் முதல் வினாவுக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு நிற்கிறது.

சித்தப்பா தோட்டத் தொழிலாளி. காலைப் பிரட்டுக்கு முன்னர், இருள் விலகாத வேளையிலே நகரத்துப் பேக்கரியிலிருந்து பாண் எடுத்துவந்து லயங்களில் விற்பார். வண்டியின் பின்புறத்தில் ஒரு மரப்பெட்டி. அதனைத் தாங்குவதற்காகச் சட்டத்திலே ஓர் இரும்புத் தகட்டை ஒட்டுவித்திருந்தார். மேல் லயத்துக்குப் படிக்கட்டே வழி. ஆகவே வண்டியைக் கீழே சாத்திவிட்டு, பாண்களைச் சாக்கில் இட்டுக்கொண்டு ஏறுவது வழக்கம். 1996 ஆம் ஆண்டு ஒரு காலை அவர் இறங்கி வந்தபோது வண்டியுமில்லை, பெட்டியுமில்லை.

முறைப்பாடு செய்யச் சென்றபோது நானும் உடன் சென்றேன். அக்காலம் போர்க்காலம். தமிழர் ஒருவர் தாமாக விரும்பிப் பொலிஸ் நிலையத்துப் படியேறுவதற்கே துணிவு வேண்டியிருந்தது. முதலிலே கேட்கப்பட்டது தேசிய அடையாள அட்டை. 1968 ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அவ்வட்டை சித்தப்பாவிடம் இல்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் இன்னொரு பெயர். அதனால் அவருடைய விண்ணப்பம் இருமுறை திரும்பி வந்திருந்தது. தோட்டக் காரியாலயத்திலிருந்து கடிதம் கொண்டுவருமாறு கூறப்பட்டது. அடுத்த நாள் பெரிய கிளாக்கர் ஐயாவின் கடிதத்துடன் மீண்டும் சென்றோம். அவ்வகையில் இரண்டு நாட் பேர் போயிற்று. ‘பேர்’ என்பது தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான பதிவு. பேர் இல்லையேல் அன்றைய சம்பளமும் இல்லை.

இரண்டாவது வினா அத்தாட்சி பற்றியது. வண்டி இன்னொருவரிடமிருந்து பழையதாக வாங்கப்பட்டது. கடைப் பற்றுச்சீட்டு இல்லை. சித்தப்பாவிடம் இருந்தது துவிச்சக்கர வண்டிகளுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் உரிமச் சீட்டு ஒன்றே. அதிலே வண்டியில் பொருத்தும் தகட்டின் இலக்கம் எழுதப்பட்டிருந்தது. ஆசனத்துக்குக் கீழே சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் இலக்கம் வேறு. அது அச்சீட்டில் இல்லை.

மூன்றாவது வினாவுக்கு வந்தபோது மேசையிலிருந்த உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. சித்தப்பாவுக்குக் கடைச்சிங்களத்துக்கு மேல் தெரியாது. தேநீர்க் கடைப் பையன் ஒருவன் அழைக்கப்பட்டான். சித்தப்பா பத்து வாக்கியம் சொல்ல அவன் இரண்டு வாக்கியம் சொன்னான். உத்தியோகத்தர் தீயவர் அல்லர். எங்களை அமரச் சொன்னார், பொறுமையாகவே எழுதினார். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திருப்பி, கையெழுத்திடும் இடத்தைக் காட்டினார். சித்தப்பா தமது பெயரைத் தமிழிலே எழுதினார். அவ்வளவில் அலுவல் முடிந்தது. எழுதப்பட்டது என்னவென்று எவரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

நான்கு மாதங்களின் பின்னர், அயல் நகரொன்றின் திருத்தகத்தில் அவ்வண்டி நிற்பதைத் தோட்டத்தவர் ஒருவர் கண்டார். பெட்டியைத் தாங்கிய இரும்புத் தகடே காட்டிக்கொடுத்தது. பொலிஸார் உடனே சென்று வண்டியைக் கைப்பற்றினர். அதில் குறை சொல்வதற்கில்லை. இடர்ப்பாடு அதன் பின்னரே தொடங்கியது. சித்தப்பாவின் முறைப்பாட்டிலே சட்ட இலக்கம் என்று எழுதப்பட்டிருந்தது உண்மையில் உரிமத் தகட்டின் இலக்கம். தகட்டையோ திருடன் கழற்றி எறிந்துவிட்டான். கண்ணெதிரே நின்ற வண்டியின் இலக்கமும் புத்தகத்தில் இருந்த இலக்கமும் வெவ்வேறாயின. புத்தகத்தின்படி நோக்கின் அது சித்தப்பாவின் வண்டி அன்று.

“நாம சொன்னது ஒன்னு, அங்க எழுதியிருக்கிறது வேற ஒன்னு, தம்பி” என்றார் அவர். அக்கூற்றிலே கோபம் இருக்கவில்லை. அது மழை பெய்வதைப் போல நிகழ்கின்ற ஒன்று என அவர் எண்ணியதாகவே எனக்குத் தோன்றியது. அதுவே என்னை மிகவும் வருத்தியது.

ஈண்டு சட்டம் கூறுவதை நோக்குதல் பொருத்தமாகும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு இவ்விடயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. குற்றமொன்று பற்றிய தகவல் வாய்மொழியாகத் தரப்படின், அது எம்மொழியில் தரப்பட்டதோ அம்மொழியிலேயே எழுதப்படல் வேண்டும். தந்தவருக்கு வாசித்துக் காட்டப்படல் வேண்டும். அலுவலரால் அம்மொழியில் எழுத இயலாதாயின், தகவல் தருபவரையே அம்மொழியில் எழுதித் தருமாறு கேட்டல் வேண்டும். அவராலும் இயலாதபோதே தேசிய மொழிகளுள் ஒன்றில் எழுதலாம். அப்பொழுதும் அதற்கான காரணத்தைப் பதிந்து, எழுதியதை அவருக்கு விளங்கும் மொழியிலே எடுத்துரைத்தல் வேண்டும். அன்று அந்த வாக்குமூலத்தைத் தமிழிலே வாசித்துக் காட்டியிருந்தால், “ஐயா, அது தகட்டு நம்பர்” என்ற நான்கு சொற்களில் சித்தப்பா பிழையைத் திருத்தியிருப்பார். எழுதப் படிக்கத் தெரிந்த அவர் தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கவும் முடியும்.

பொலிஸார் கைப்பற்றிய பொருளைத் தாமாக எவருக்கும் கொடுத்துவிட இயலாது. அதே சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவின்படி அதனை நீதவானுக்கு அறிவித்தல் வேண்டும். உரித்துடையவர் அறியப்பட்டால் அவரிடம் ஒப்படைக்க நீதவான் கட்டளையிடுவார். அறியப்படாவிடின், ஆறு மாதத்துக்குள் உரிமை கோருமாறு அறிவித்தல் விடுக்கப்படும். இலக்கம் பொருந்தாமையால் சித்தப்பாவின் வண்டி உரிமையாளர் அறியப்படாத பொருள்களின் வரிசையில் சேர்ந்தது. மூன்று தவணைகள் நீதிமன்றம் சென்றார். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட் பேரும் பஸ் கட்டணமும் போயின. வண்டியோ நிலையத்து முற்றத்தில் மலைமழையில் நனைந்துகொண்டிருந்தது.

முடிச்சை அவிழ்த்தவர் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர். அவர் ஒரே பக்கத்தில், தெளிவான தமிழிலே, நீதவானுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். முறைப்பாட்டில் உள்ள இலக்கம் இணைக்கப்பட்டுள்ள உரிமச் சீட்டின் இலக்கமே எனவும், ஆகவே அது சட்ட இலக்கமாக இருத்தல் இயலாது எனவும், இரும்புத் தகட்டை ஒட்டியவர் சாட்சி கூற ஆயத்தமாக உள்ளார் எனவும் அதில் எழுதியிருந்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அதனை வாசித்தார். நீதவான் சீட்டையும் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்து, வண்டியை விடுவிக்கக் கட்டளையிட்டார். ஏழு மாதமாகத் தீராதிருந்த விடயம் பத்து நிமிடத்தில் தீர்ந்தது.

வண்டி வந்தது; தொழில் வரவில்லை. சங்கிலி துருப்பிடித்திருந்தது, ரயர்கள் வெடித்திருந்தன, பெட்டி கிடைக்கவேயில்லை. அதற்குள் வேறொருவர் அந்த லயங்களுக்குப் பாண் கொண்டுவரத் தொடங்கிவிட்டார். அவரும் ஏழையே, அவரிடம் சென்று வழியை விடு என்று கேட்கச் சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை. திருடன் கவர்ந்தது ஒரு வண்டியை. தொழிலைக் கவர்ந்தது தகவற் புத்தகத்தின் ஒரு வரி.

இந்நிகழ்ச்சி 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தின் காலத்தில் நடந்ததன்று என்பதை வாசகர் மறத்தலாகாது. 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இல் பதினாறாவது திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றத்திலும் மொழியின் இடத்தை விரித்துரைத்தது. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைக்கச் சட்டம் வந்தது. 2007 இல் அரச உத்தியோகத்தர் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெறல் வேண்டும் எனச் சுற்றறிக்கை வந்தது. இவற்றைச் சிறியனவாகக் கருதுவதற்கில்லை. பல்லாண்டுப் போராட்டத்தின் பேறுகள் அவை. ஆயின், ஏட்டிலுள்ள உரிமை மேசைக்கு வந்து சேர்வதற்கு, அதனை வேண்டி நிற்கும் ஒருவர் மேசையின் இப்பக்கத்திலும் இருத்தல் வேண்டும். 109 ஆம் பிரிவு பிறந்து பதினேழு ஆண்டுகளாகியும் சித்தப்பாவுக்கு அதனை எவரும் கூறியிருக்கவில்லை.

தமிழ்ச் சங்கங்கள் தமிழின் தொன்மையைப் பேசுவதும் கவியரங்கு நடத்துவதும் வேண்டியனவே. அவற்றோடு, முறைப்பாட்டுத் தமிழையும் மனுத் தமிழையும் நாம் பணியாக ஏற்றல் ஆகாதா? விடுமுறைக்கு மலையகம் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்திலே ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கலாம். சட்டத்திலே பொறித்த இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருங்கள் என்று சொல்லலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு செல்லுங்கள், எழுதத் தெரியாவிடின் நாங்கள் எழுதித் தருகிறோம் என்று சொல்லலாம். கையெழுத்திடுமுன், “வாசித்துக் காட்டுங்கள், ஐயா” என்று கேட்பது மரியாதைக் குறைவன்று, சட்டம் தந்த உரிமை என்று சொல்லலாம். அந்த ஆசிரியர் எழுதியது ஒரே ஒரு பக்கம். அதனை எழுதப் பட்டம் வேண்டியதில்லை; பட்டம் பெறவிருக்கும் நமக்கு அது கடினமும் அன்று.