சொன்னதாகச் சொன்னேன்

வழியில் செங்குத்துப் பள்ளம் வரும், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று என்னோடு சைக்கிளில் வந்த நண்பனை நான் முன்கூட்டியே எச்சரித்ததாக எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். நான் எச்சரிக்கவில்லை. எச்சரித்ததாகப் பிறகு சொன்னேன். அதற்குள் அவனுடைய காறை எலும்பு முறிந்திருந்தது.

இடம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். இப்ஸ்விச் பக்கத்து வுல்குராகாவிலிருந்து யாரமன் வரை 161 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பழைய ரயில் தடம் இருக்கிறது. பிரிஸ்பேன் பள்ளத்தாக்கு ரயில் தடம் என்பார்கள். 1884இல் லோவுட் வரை போட்ட கிளைப்பாதை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு 1913இல் யாரமனை எட்டியது. காட்டு மரமும் பண்ணைச் சரக்கும் அதில் இறங்கின. ரயில் நின்ற பின் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் விட்டார்கள். 2018இல்தான் முழு நீளமும் ஒன்றாக இணைந்தது.

இந்தத் தடத்தின் சூது தெரிந்தால்தான் என் குற்றம் புரியும். இரும்புச் சக்கரம் செங்குத்தில் ஏறாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தில் மண்கரை போட்டு, ஏறுவதே தெரியாதபடி பாதை அமைத்தார்கள். ஓடைகள் மேல் மரப்பாலம் போட்டார்கள். இன்று மண்கரை இருக்கிறது, பல இடத்தில் பாலம் இல்லை. பாலம் இருந்த இடத்தில் பாதை சட்டென்று ஓடைக்குள் விழும். அடியைத் தொட்டதும் அதே செங்குத்தில் மேலேறும். அரைமணி நேரம் சமதரையில் ஓட்டிப் பழகிய உடம்பு அதை எதிர்பார்க்காது. போதாததற்கு மழைத்தண்ணீர் அந்தச் சரிவில்தான் ஓடும். சரளையை அரித்து நீளவாக்கில் வாய்க்கால் கீறிவிடும். தடம் பல உள்ளாட்சி எல்லைகளைத் தாண்டிப் போகிறது. ஓரிடத்தில் சீவிச் சமன் செய்திருப்பார்கள், அடுத்த வளைவில் கல் பெயர்ந்து கிடக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்பதில்தான் என் கர்வமே இருந்தது. நண்பர்கள் மத்தியில் எனக்கு "பாதை தெரிஞ்ச ஆள்" என்று பெயர். அந்தப் பெயரை நான் ரசித்தேன்.

அவன் என்னைவிடச் சின்னவன். ஊரிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. என்னை அண்ணே என்று கூப்பிடுவான். இந்தத் தடத்தில் சேர்ந்து சைக்கிள் ஓட்டப் போகலாம் என்று முடிவானதும் அவனாகவே கேட்டான். "அண்ணே, ஏத்தம் இறக்கம் எப்படிண்ணே இருக்கும்?"

நான் சொன்ன பதிலை எழுத்து மாறாமல் தருகிறேன். "ரயில் போன பாதைடா. ஏத்தமாவது இறக்கமாவது. கண்ணை மூடிக்கிட்டு வரலாம்."

பள்ளங்களைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லாமல் இல்லை. நாங்கள் ஓட்டத் தொடங்கிய பெனார்கின் வரை காரில் ஒன்றாகத்தான் போனோம். வழியெல்லாம் என் பழைய பயணக் கதைகளைப் பேசிக்கொண்டு வந்தேன். பள்ளத்தைச் சொன்னால் அவன் பயந்துவிடுவான், இறங்கி இறங்கித் தள்ளுவான், எனக்கு வேகம் கெட்டுவிடும். இப்படி வார்த்தையாக நினைத்தேனா என்றால் இல்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டதற்கு வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சைக்கிளையும் சொல்ல வேண்டும். சரளைக்கு ஏற்ற அகல டயர் வண்டி என்னிடம் ஒன்றுதான். அதை நான் எடுத்துக்கொண்டேன். நகரத் தார்ச்சாலைக்கு வாங்கிய பழைய ஒல்லி டயர் வண்டியை அவனுக்குக் கொடுத்தேன். காற்றை இறுக்கமாக அடித்தேன். சரளையில் கொஞ்சம் குறைத்து அடிக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான்.

பெனார்கினிலிருந்து லின்வில் வரை தடம் காட்டு வழியே மலையிறங்குகிறது. நான் முன்னால், அவன் பின்னால். அந்தப் பள்ளத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை இருந்தது. நான் நிற்காமல் தாண்டினேன். என்னை நம்பிப் பின்னால் வருகிறவனுக்குப் பலகை பெரிதா, நான் பெரிதா? சரிவின் நடுவில் மழை அரித்த வாய்க்கால் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய முறை அதைப் போட்டோ எடுத்து, "இதுலயும் ஓட்டியாச்சு" என்று நண்பர்கள் குழுவில் போட்டவன் நான். பராமரிப்புக்காரர்களுக்கு அந்தப் போட்டோவை அனுப்பவில்லை. இடது ஓரம் கெட்டி என்று தெரிந்ததால் அதன் வழியே இறங்கி, எதிர் மேட்டில் ஏறி, பெருமையோடு திரும்பிப் பார்த்தேன்.

அவன் நடுவில் வந்துகொண்டிருந்தான். முகத்தில் பயம். "பிரேக்கைப் பிடிக்காதே" என்று கத்தினேன். பிடித்துவிட்டான். யாராயிருந்தாலும் பிடிப்பார்கள். முன்சக்கரம் வாய்க்காலுக்குள் போய்ச் சிக்கியது. பின்சக்கரம் மேலே எழும்பியது. வலது தோள்தான் முதலில் தரையில் மோதியது. எழுந்து உட்கார்ந்தவன் முதலில் கேட்டது, "அண்ணே, வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

அங்கே செல்போன் சிக்னல் இல்லை. என் துண்டால் அவன் கையை உடம்போடு சேர்த்துக் கட்டி, மெல்ல மெல்ல நடத்திக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு பள்ளம் வரும்போதும் "இன்னும் ஒண்ணுதான்" என்றேன். அதுவும் பொய்.

மருத்துவமனைக்கு அவன் மனைவி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. "என்னண்ணா ஆச்சு?" என்றாள். அவள் குரலில் என்மேல் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. இருந்தும் நான் முந்திக்கொண்டேன். "பள்ளம் வரும், இறங்கித் தள்ளுன்னு முன்னாடியே சொன்னேன்மா. வேகத்துல கவனிக்கலை போலிருக்கு."

கட்டிலில் அவன் முழித்துக்கொண்டுதான் இருந்தான். என்னைப் பார்த்தான். என் வாயிலிருந்து இன்னொரு வாக்கியம் வருமா என்று காத்திருந்த பார்வை அது. அந்தச் சில நொடிகளில் திருத்தியிருக்கலாம். நான் சுவரில் இருந்த கைகழுவும் அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தேன். பிறகு அவனே அவளிடம் சொன்னான். "ஆமா, நான்தான் கவனிக்கலை."

முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை அவனுக்கு. கேஷுவல் ஊழியன். இங்கே கேஷுவல் ஊழியருக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கிடையாது. படுத்தவர்களைத் தூக்கிப் புரட்டும் வேலையில் தோள் இல்லாமல் என்ன செய்வது? இரண்டு மாதத்துக்கு மேல் வருமானம் நின்றது. அவன் மனைவி வார இறுதி ஷிப்டும் சேர்த்துப் பார்த்தாள். குழந்தை தூக்கச் சொல்லி அழும்போது அவன் தரையில் உட்கார்ந்து இடது கையால் அணைத்துக்கொள்வான். அவன் அம்மா ஊரிலிருந்து தினமும் போனில் திட்டினார். பெரியவங்க சொன்னா கேக்க மாட்டியாடா, பொண்டாட்டி பிள்ளை இருக்கறது நினைப்பில்லையா என்று. நான் பக்கத்தில் இருக்கும்போதே ஸ்பீக்கரில் அந்தத் திட்டு விழுந்திருக்கிறது. அவன் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டான்.

நான் தூக்குச்சட்டியில் சாம்பாரும் மாவுமாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூடப்பிறந்தவன் மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்று நண்பர்கள் புகழ்ந்தார்கள். அந்தப் புகழையும் வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு நியாயமாகச் சேர வேண்டிய திட்டை வாங்கத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை. "இதை நீங்க அத்தைகிட்ட சொல்லணும்ணா. அவங்க இன்னும் அவரைத்தான் குறை சொல்றாங்க" என்று அங்கேயே எண்ணைப் போட்டு போனை என் கையில் கொடுத்தாள்.

சொன்னேன். அந்த அம்மா கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். "அப்ப எதுக்குப்பா அன்னைக்கு அப்படிச் சொன்னே?" என்றார். "என்னைத் தப்பா நினைச்சிடுவாங்கன்னு பயம்மா" என்றேன். "அவனைத் தப்பா நினைச்சா பரவாயில்லையா?" என்றார்.

நண்பர்கள் குழுவில் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அங்கே அனுப்பப் போகிறேன். அந்த வாய்க்கால் போட்டோவும் அதே குழுவில்தான் கிடக்கிறது. தேதி பார்த்துக்கொள்ளலாம்.