கழுத்துல ஒண்ணுமில்ல, அது யாரு?

ஆணி கொஞ்சம் கம்மியா இருந்ததால போன தீபாவளிக்கு நாலு நாள் லீவு கிடைச்சுது. கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி சிதம்பரம், அங்கேருந்து புவனகிரி பஸ்ல கீரப்பாளையம். வீராணம் தண்ணி பாயுற ஊரு. எங்க பக்கம் இப்பல்லாம் நடவு கம்மி, நேரடி விதைப்புதான் ஜாஸ்தி. அதனால தீபாவளி சமயத்துல வயல்ல நெல்லும் களையும் சரிக்குச் சமமா நிக்கும்.

அந்தக் களையெல்லாம் எனக்கு விடுகதையாத்தான் அறிமுகம். சின்ன வயசுல ஆயா களை பறிக்கப் போறப்ப என்னையும் இழுத்துட்டுப் போயிடும். நான் நச்சரிக்காம இருக்க ஒவ்வொரு புல்லுக்கும் ஒரு கதை போடும். வரப்புல ஒரு தண்டைக் கிள்ளிக் குடுத்து, "உருட்டினா உருளாது, ஒடிச்சா கணு இருக்காது, தலைய அறுத்தா மண்ணுக்குள்ள முட்டையிடும், அது யாரு?"

கோரை. விரல் நடுவுல வெச்சு உருட்டிப் பாருங்க, முக்கோணமா தட்டுப்படும். புல்லுன்னா தண்டு உருண்டையா கணுவோட இருக்கும், இலை ரெண்டு பக்கமா வரும். கோரைக்கு மூணு பக்கமும் வரும். முட்டைங்கறது கிழங்கு. மேல மட்டும் பிடுங்கினா மறுவாரமே முளைச்சு நிக்கும். காலேஜ் முடிச்சு பொட்டி தட்ட வந்தப்புறம், வெளிநாட்டுல தாவரவியல் பசங்க கோரைக்கு விளிம்பு, புல்லுக்குக் கணுன்னு ஒரு ரைம் சொல்லி மனப்பாடம் பண்றாங்கன்னு படிச்சேன். அட, இத எங்க ஆயா அப்பவே சொல்லிடுச்சேன்னு ஒரு கெத்து :-)

(தொல்காப்பியரே இதுல ஒரு புதிர் வெச்சிருக்கார். வெளியில வைரம் பாஞ்சது புல், உள்ள வைரம் பாஞ்சது மரம். அந்தக் கணக்குல தென்னையும் பனையும் புல்லு! மூங்கிலை இன்னிக்கும் தாவரவியல்ல புல் குடும்பத்துலதான் வெச்சிருக்காங்க.)

காக்காக்கால் புல், மயில்கொண்டைப் புல்லெல்லாம் ஈஸி. பேர்லயே விடை இருக்கு. மாட்டிக்கிட்டது ஒண்ணுலதான்.

2006 சம்பான்னு நினைக்கிறேன், எனக்கு எட்டு வயசு. ஆயா கேட்டுச்சு: "ரெண்டு பேருக்கும் ஒரே சாயல், ஒரே பச்சைப் புடவை. ஒருத்தி கழுத்துல மட்டும் ஒண்ணுமில்ல. அது யாரு?"

நான் யோசிக்கவே இல்ல. பக்கத்து வரிசையில ஆயாவோட தங்கச்சி, எங்க சின்ன ஆயா, களை பறிச்சுக்கிட்டிருந்துது. ரெண்டு பேருக்கும் அச்சு அசல் ஒரே முகம். தாத்தா போய் அப்ப ரெண்டு வருஷம். "நீதான் ஆயா!"ன்னு கத்தினேன்.

சுத்தி இருந்தவங்க எல்லாரும் கப்சிப். ஆயா, "ம்... அதுவும் சரிதான்"னு சொல்லிட்டு குனிஞ்சு பறிக்க ஆரம்பிச்சுடுச்சு. விடையைச் சொல்லவே இல்ல. ராத்திரி அம்மாகிட்ட வாங்கினது தனிக்கதை.

விடை தெரிய எனக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு. நெற்பயிர்ல இலையும் தண்டைச் சுத்தின உறையும் சேர்ற இடத்துல, அதாவது கழுத்துல, நாக்கு மாதிரி ஒரு வெள்ளைச் சவ்வு இருக்கும். ரெண்டு பக்கமும் முடி வெச்ச குட்டிக் காது. குதிரைவாலிப் புல்லுக்கு இது எதுவும் கிடையாது, கழுத்து மொட்டை. கதிர் வர்ற வரைக்கும் அசப்புல நெல்லுதான். ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன் கண்ணுக்குத் தப்பினது மட்டும் பிழைச்சுப் பிழைச்சு, களையே நெல்லு வேஷம் கட்டப் பழகியிருக்கு. வாவிலோவ்ங்கற ரஷ்ய விஞ்ஞானி பேரை இந்த வேஷத்துக்கு வெச்சிருக்காங்க.

ஆயாவுக்கு இப்ப ரெண்டு கண்ணும் தெரியாது, க்ளாக்கோமா. திண்ணையில உக்காந்திருந்துது. வயல்லேருந்து ரெண்டு தூர் பிடுங்கிட்டு வந்து கையில குடுத்தேன். கட்டைவிரலால ரெண்டோட கழுத்தையும் தடவிச்சு. ஒண்ண மடியில வெச்சுக்கிச்சு, இன்னொண்ண வாசல்ல வீசுச்சு. வீசினது குதிரைவாலி.

"ஆயா, கழுத்துல ஒண்ணுமில்லாதவ இவதானே?"

"இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"அன்னிக்கு நான் சொன்னது..."

"அதுக்கப்புறம் அந்தக் கதைய நான் யாருக்கும் போடல தம்பி"ன்னுச்சு. கோவமா சொல்லல, சாதாரணமாத்தான் சொல்லுச்சு. எனக்குத்தான் என்ன பேசறதுன்னு தெரியல. நெல்லுத் தூரை விரல்ல உருட்டிக்கிட்டே இருந்துது.

கொஞ்ச நேரம் கழிச்சு அதுவா ஆரம்பிச்சுது. "சரி, இதச் சொல்லு. எல்லாரையும் தலையில பூவ மோந்து பாப்பாங்க. இவள மட்டும் செத்த பிறகு காலைத்தான் மோந்து பாப்பாங்க. யாரு?"

நான் முழிச்சேன். நீங்க யாராச்சும் சொல்லுங்க பாப்போம். க்ளூ வேணும்னா, அதுவும் புல்லுதான், நம்ம கடலூர் பக்கம் கடலோர மணல்ல பயிர் பண்றாங்க.