‘உன்னைப் பற்றிக் கூறு’

எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்த பின்னர் என் பழைய மாணவர்கள் சிலர் ஆண்டுதோறும் என்னைத் தேடி வருவதுண்டு. ஆசிரியர் கல்விக் கழகத்தில் இளங்கலை ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருப்பார்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கும். கையில் தடித்த கோப்பு ஒன்று இருக்கும். செம்பிறைச் சங்கம், தமிழ்மொழிக் கழகம், பூப்பந்து என வகைவகையாகச் சான்றிதழ்கள். “இவற்றில் நீ செய்தது என்ன?” என்று கேட்டால் மட்டும் பிள்ளைகள் தரையைப் பார்ப்பார்கள்.

பேசத் தெரியாத பிள்ளைகள் அல்லர். தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டி நடவாத ஆண்டு உண்டா? நீதிபதிகளுக்கும் நேரக் காப்பாளருக்கும் முறையாக வணக்கம் கூறி, கையை எங்கே உயர்த்த வேண்டும் என்பது வரை பயின்றவர்கள். ஆனால் அங்கே ஆசிரியர் எழுதித் தருகிறார், மாணவர் மனனம் செய்கிறார். ஒற்றுமையைப் பற்றியும் தாய்மொழியைப் பற்றியும் ஐந்து நிமிடம் முழங்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் வருவதில்லை. தன்னைப் பற்றிப் பேசினால் தற்பெருமை என்று வீட்டிலும் அடக்கி வளர்க்கிறோம்.

2025இல் வந்த மாணவி ஒருத்தியின் முயற்சியை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவள் மலாயில் ஒரு பக்கம் எழுதி மனனம் செய்து வந்திருந்தாள். ஆசிரியத் தொழில் புனிதமானது, சிறு வயது முதலே ஆசிரியராவது என் கனவு என்று அது ஓடியது. குறைந்தது ஐந்து பாடங்களில் சிறப்புத் தேர்ச்சி என்பதே இப்பயிற்சிக்குப் பொதுத் தகுதி. ஆகவே அறைக்குள் நுழையும் எல்லாரும் மதிப்பெண்ணில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பார்கள். கனவும் ஒன்றுபோல் இருந்தால் தேர்வாளர் எதைக் கொண்டு ஒருவரை அறிவார்?

தாளை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, 2020இல் வீட்டில் என்ன செய்தாய் என்று கேட்டேன். அவ்வாண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது அவள் படிவம் ஒன்றில் இருந்தாள். தம்பி இரண்டாம் ஆண்டு. வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தை லோரி ஓட்டிவிட்டு வந்த பிறகுதான் கிடைக்கும்.

“தம்பிக்கு வீட்டிலேயே பாடம் நடந்தது ஐயா.”

“யார் நடத்தியது?”

“வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொடுத்தோம்.”

“எல்லாரும் என்றால்?”

சற்று நேரம் கழித்துத்தான், “நான்தான்” என்றாள். ‘நடந்தது’, ‘செய்தோம்’ என்று பேசுவது நம் பண்பு. குறை சொல்ல மாட்டேன். ஆயினும் அந்த அறையில் அது செய்தவரையே மறைத்துவிடுகிறது.

தோண்டத் தோண்டச் செய்தி வந்தது. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் தம்பி 35 என்று எழுதுவானாம். கணிதம் போதிக்கும் நண்பர்கள் இதற்குள் புன்னகைத்திருப்பீர்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் பிள்ளை அதைத் திருப்பிப்போட்டு ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடும். இவள் அதை நூலில் படித்து அறியவில்லை. அம்மா விற்பனைக்கு வாங்கி மிஞ்சிய சாத்தே குச்சிகளைப் பத்துப் பத்தாக இரப்பர் வளையமிட்டுக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் அவன் முன் வைத்திருக்கிறாள். ஏழு குச்சி கேட்டதும் அவனே ஒரு கட்டை அவிழ்த்திருக்கிறான். இருவாரம் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்களாம். பதின்மூன்று வயதுப் பெண் செய்த காரியம் இது. கோப்பில் இதற்குச் சான்றிதழ் இல்லை.

முதலில் இதைத் தமிழில் மூன்று முறை கூறச் செய்தேன். நேர்முகத் தேர்வில் மலாயும் ஆங்கிலமும் பேச வேண்டியிருக்கும் என்பதால், பிறகு அதே நிகழ்ச்சியை மலாயில் சிறு வாக்கியங்களாகக் கூறினாள். எழுதி வைக்க விடவில்லை. எழுதினால் மறுபடியும் மனனம் தொடங்கிவிடும்.

உடன் வந்த தாயார் நல்லவர். ஆனால் நான் மகளிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவரே விடை கூறிக்கொண்டிருந்தார். “அம்மா, அவளே கூறட்டும்” என்று இருமுறை சொல்ல வேண்டியதாயிற்று. விருந்தினர் “என்னம்மா படிக்கிறாய்?” என்று கேட்டாலும் நம் வீடுகளில் இதுதானே நடக்கிறது?

ஒன்றில் மட்டும் தாயாருக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டது. மகள் 2018 யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாயில் தேறாமல், 2019இல் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்தவள். அதைச் சொல்லக்கூடாது என்றார் தாயார். தானாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்தும்தான். வறுமையையும் தோல்வியையும் கடைவிரித்துப் பரிவு தேடச் சொல்லும் அறிவுரைகள் எனக்கு உவப்பானவை அல்ல. ஆனால் வயதையும் ஆண்டையும் கணக்கிட்டுத் தேர்வாளர் கேட்டுவிட்டால்? அப்போது இரண்டே வாக்கியம் போதும்: என்ன நடந்தது, அதன் பின் என்ன செய்தேன். தாயார் அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

கேட்டார்களாம். இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாளாம். குச்சிக் கதையைக் கூறியபோது, தம்பிக்கு 35 எப்படி வந்தது என்று தேர்வாளர் ஒருவர் குறுக்கே கேட்டிருக்கிறார். அவள் விரல்களைக் கொண்டே விளக்கியிருக்கிறாள். மனனம் செய்த பக்கமாயிருந்தால் அந்த இடத்தில் அறுந்திருக்கும்.

இடம் கிடைத்தது. இந்த ஒரு பதிலால்தான் கிடைத்தது என்று நான் கூற மாட்டேன்; அவளுடைய தேர்ச்சியும் நன்றாகவே இருந்தது.

செய்தி பரவி, அடுத்த வாரமே வேறொரு மாணவன் வந்தான். “ஐயா, நானும் அந்தச் சாத்தே குச்சி கதையைச் சொல்லட்டுமா?” என்றான். வீட்டுக்கு ஒரே பிள்ளை அவன். கோப்பை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, 2020இல் நீ என்ன செய்தாய் என்று கேட்டேன்.